உடைவதற்கு முன் ஒரு படம்

கடந்த ஆண்டு எங்கள் வாப்பும்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். வைத்தியசாலைக்கு நானும் சாச்சியும்தான் கூட்டிப் போனோம். எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கும் அறையின் வாசலில் நின்ற உத்தியோகத்தர் சாச்சியைப் பார்த்து, "நீங்க பிள்ளைத்தாச்சி போல இருக்கு. உள்ளுக்கு வர வேணாம், தள்ளி நில்லுங்க" என்றார். சாச்சி வெளியே வாங்கில் அமர்ந்துகொண்டார்.

வாப்பும்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தப் படம் எடுக்கிறதால எனக்கு ஒண்டும் ஆகாதா புள்ள?" என்று கேட்டார். "ஒண்டும் ஆகாது வாப்பும்மா, வெளிச்சம் மாதிரித்தான்" என்றேன்.

திரும்பி வரும்போது முச்சக்கர வண்டியில் அவர் மறுபடியும் கேட்டார். "ஒண்டும் ஆகாதெண்டா சாச்சிய மட்டும் ஏன் வெளிய நிக்கச் சொன்னாங்க?"

உயர்தரத்தில் பௌதிகவியலும் இரசாயனவியலும் இணைந்த கணிதமும் படிக்கும் எனக்கு அந்தக் கேள்விக்கு விடை தெரியவில்லை. அதைத் தேடப் போனபோது, உலகிலேயே மிக வலிய எக்ஸ் கதிர்களின் முன்னால் மூலக்கூறுகளை வைத்து இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கும் விஞ்ஞானிகளின் வேலையில் போய் நின்றேன். படம் எடுக்கும் கதிர், படம் எடுக்கப்படும் பொருளை என்ன செய்கிறது? நாம் பார்ப்பது அந்தப் பொருளையா, அல்லது கதிர் பட்டுச் சிதைந்த அதன் மிச்சத்தையா? எனக்கு விளங்கிய அளவில் அதை இங்கே எழுதுகிறேன்.

எலும்பு ஏன் வெள்ளையாகத் தெரிகிறது?

1895ஆம் ஆண்டு ஜேர்மனியில் வில்ஹெல்ம் றொன்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். அவர் எடுத்த முதற் படங்களில் ஒன்று அவருடைய மனைவியின் கை. விரல் எலும்புகளும் மோதிரமும் அதில் தெரிகின்றன. தசை தெரியாமல் எலும்பு மட்டும் தெரிவதற்குக் காரணம் அணுக்களின் அணுவெண்ணில் இருக்கிறது. ஓர் அணு எக்ஸ் கதிரை உறிஞ்சும் ஆற்றல் ஏறத்தாழ அதன் அணுவெண்ணின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப உயர்கிறது. தசையில் இருப்பவை பெரும்பாலும் ஐதரசன், காபன், ஒட்சிசன் போன்ற இலேசான அணுக்கள். எலும்பில் கல்சியம் இருக்கிறது. காபனின் அணுவெண் 6, கல்சியத்தின் அணுவெண் 20. ஆகவே கல்சியம் கதிரை அதிகம் விழுங்குகிறது. அதன் நிழலே படத்தில் வெள்ளையாக விழுகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிழல் விழுவதென்றால் அங்கே கதிர் உறிஞ்சப்பட்டிருக்கிறது. கதிர் உறிஞ்சப்பட்டால், நாம் படித்த ஒளிமின் விளைவின்படி, அங்கே ஓர் அணு தன் இலத்திரனை இழந்திருக்கிறது. அதாவது வாப்பும்மாவின் மணிக்கட்டில் சில அணுக்கள் உண்மையாகவே அயனாக்கப்பட்டன. "ஒண்டும் ஆகாது" என்று நான் சொன்னது அந்த அளவில் பிழை. ஆனால் அது மிகச் சிறிய தொகை. மணிக்கட்டுப் படமொன்றில் கிடைக்கும் கதிர்ப்பு, மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் சில மணித்தியாலங்களில் இயற்கையாகவே நமக்குக் கிடைப்பதைப் போன்றதுதான். உடல் அதைத் திருத்திக்கொள்கிறது.

அப்படியானால், அந்தச் சிறிய தொகையைக் கோடிக்கணக்கான மடங்கு கூட்டி, ஒரே ஒரு மூலக்கூறின் மீது செலுத்தினால் என்ன ஆகும்?

கண்ணிமைப்புக்குள் ஒரு காலம்

அதைச் செய்யும் கருவியை அறிய முன்னர், அது இயங்கும் நேரத்தை அறிய வேண்டும். ஒரு செக்கனை ஆயிரம் கோடி இலட்சம், அதாவது 10¹⁵ பங்காக்கினால் வரும் ஒரு பங்கே ஒரு பெம்தோ செக்கன். இதை விளங்கிக்கொள்ள நான் கொப்பியில் ஒரு கணக்குச் செய்தேன். 10¹⁵ செக்கன்கள் சேர்ந்தால் ஏறத்தாழ 3 கோடி 17 இலட்சம் ஆண்டுகள். ஒரு பெம்தோ செக்கன் ஒரு செக்கனுக்கு எப்படியோ, ஒரு செக்கன் 3 கோடி 17 இலட்சம் ஆண்டுகளுக்கு அப்படி. ஒரு செக்கனில் 3 இலட்சம் கிலோமீற்றர் ஓடும் ஒளி, ஒரு பெம்தோ செக்கனில் 0.3 மைக்ரோமீற்றர் மட்டுமே நகர்கிறது. அது ஒரு தலைமுடியின் தடிப்பில் நூறில் ஒரு பங்குகூட இல்லை.

மூலக்கூறுகளின் உலகம் ஓடுவது இந்த நேரத்தில்தான். அங்கே அணுக்கள் அசைவதும், பிணைப்புகள் உடைவதும் பத்துகள், நூறுகள் என்ற பெம்தோ செக்கன்களில் நடக்கின்றன. இதை லேசர் துடிப்புகளால் முதலில் நேராகத் தொடர்ந்து பார்த்தவர் எகிப்தில் பிறந்த அஹ்மத் ஸெவைல். அவருக்கு 1999ஆம் ஆண்டு இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அவர் பயன்படுத்திய ஒளியின் அலைநீளம் அணுக்களை விடப் பல நூறு மடங்கு பெரியது. அணுக்கள் நிற்கும் இடத்தையே நேராகப் பார்க்க வேண்டுமானால் அலைநீளமும் அணுவளவுக்குச் சிறியதாக வேண்டும். அதாவது எக்ஸ் கதிர் வேண்டும். அந்த எக்ஸ் கதிர் பெம்தோ செக்கன் துடிப்பாகவும், மிகப் பிரகாசமாகவும் வேண்டும்.

அணிவகுத்து நடக்கும் இலத்திரன்கள்

அத்தகைய கருவிக்குச் சுயாதீன இலத்திரன் லேசர் என்று பெயர். இதன் அடிப்படை எண்ணத்தை 1971இல் ஜோன் மேடி என்ற அமெரிக்கப் பௌதிகவியலாளர் முன்வைத்தார். கடின எக்ஸ் கதிரைத் தரும் முதலாவது கருவி கலிபோர்னியாவிலுள்ள ஸ்லாக் ஆய்வுகூடத்தில் 2009 ஏப்ரலில் ஒளிர்ந்தது. பின்னர் 2011இல் ஜப்பானில் சக்லா கருவியும், 2017இல் ஜேர்மனியின் ஹம்பர்க் நகருக்கு அருகே 3.4 கிலோமீற்றர் நீளமான ஐரோப்பிய எக்ஸ் கதிர் லேசரும் இயங்கத் தொடங்கின.

இக்கருவிகளில் இலத்திரன் கூட்டங்கள் நீண்ட ஆர்முடுக்கி ஒன்றில் ஒளியின் வேகத்தை நெருங்கும் வரை துரத்தப்படுகின்றன. பின்னர் அவை 100 மீற்றருக்கு மேல் நீளும் ஒரு காந்தப் பாதைக்குள் நுழைகின்றன. அங்கே வடமுனையும் தென்முனையும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். காந்தப் புலத்தில் அசையும் ஏற்றத்தின் மீது விசை தொழிற்படும் என்பது நமக்குத் தெரியும். முனைகள் மாற மாற இலத்திரன்கள் பாம்புபோல் வளைந்து வளைந்து செல்கின்றன. வளையும் ஒவ்வொரு முறையும் எக்ஸ் கதிரைக் காலுகின்றன.

தொடக்கத்தில் ஒவ்வோர் இலத்திரனும் தன் போக்கில் காலுகிறது. இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன்னர் மைதானத்தில் மாணவிகள் ஆளுக்கொரு பக்கமாக நடப்பதைப்போல. ஆனால் அவை காலிய கதிரே அவற்றை மெல்ல மெல்ல வரிசைப்படுத்துகிறது. சில இலத்திரன்கள் முந்துகின்றன, சில பிந்துகின்றன. ஈற்றில் ஓர் அலைநீள இடைவெளியில் மெல்லிய தட்டுகளாக அணிவகுத்து, ஒரே அவத்தையில் காலத் தொடங்குகின்றன. ஒரே அவத்தையில் சேரும் அலைகளின் வீச்சங்கள் கூட்டப்படும். செறிவோ வீச்சத்தின் வர்க்கத்துக்கு விகிதசமன். ஆகவே ஆயிரம் இலத்திரன்கள் ஒன்றாகக் காலினால் ஆயிரம் மடங்கல்ல, பத்து இலட்சம் மடங்கு செறிவு. மேற்பொருந்துகைப் பாடத்தில் நாம் புள்ளிகளுக்காகப் படித்த அதே விடயம்தான்.

இப்படிக் கிடைக்கும் துடிப்பொன்றின் சக்தியை 1 மில்லியூல் என எடுத்துக்கொள்வோம். 100 கிராம் நிறையுள்ள ஒரு சவர்க்காரக் கட்டியை 1 மில்லிமீற்றர் உயர்த்தவே அந்தச் சக்தி போதும். அவ்வளவு சிறியது. ஆனால் அது 30 பெம்தோ செக்கனுக்குள் வந்து முடிவதானால், அந்த நேரத்தில் அதன் வலு ஏறத்தாழ 33,000 மெகாவாட். நமது நுரைச்சோலை அனல் மின் நிலையத்தின் முழுக் கொள்ளளவு 900 மெகாவாட் என்பதை நினைத்துப் பாருங்கள். இந்தத் துடிப்பை ஒரு மைக்ரோமீற்றரிலும் சிறிய புள்ளியில் குவிக்கிறார்கள். அங்கே செறிவு சதுர சென்ரிமீற்றருக்கு 10²⁰ வாட்டை நெருங்கும். நடுப்பகல் வெயில் சதுர சென்ரிமீற்றருக்கு வெறும் 0.1 வாட்தான்.

உள்ளிருந்து வெறுமையாகும் நியோன்

ஸ்லாக் கருவி இயங்கத் தொடங்கிய ஆண்டிலேயே அதன் முன் வைக்கப்பட்டது ஒரு தனி அணு, நியோன். லிண்டா யங் என்ற பெண் விஞ்ஞானியின் தலைமையில் நடந்த அந்தப் பரிசோதனையின் முடிவு 2010இல் வெளியானது.

நியோனின் இலத்திரன் நிலையமைப்பு 2, 8. சாதாரண லேசர் ஒளி வலிமையானதாக இருந்தால் வெங்காயம் உரிப்பதுபோல வெளிப்புற இலத்திரன்களைத்தான் முதலில் உரிக்கும். எக்ஸ் கதிர் அப்படியல்ல. அது நேராக உள்ளே போய்க் கருவுக்கு அருகிலுள்ள இலத்திரனை அடித்து வெளியேற்றுகிறது. உள் ஓட்டில் ஒரு வெற்றிடம் உண்டாகிறது. சராசரியாக ஏறத்தாழ 2.4 பெம்தோ செக்கனுக்குள் வெளியிலுள்ள ஓர் இலத்திரன் அந்த வெற்றிடத்தில் விழுகிறது. விழும்போது விடுவிக்கப்படும் சக்தியைப் பக்கத்திலிருக்கும் இன்னோர் இலத்திரன் பெற்றுக்கொண்டு அணுவை விட்டே ஓடிவிடுகிறது. ஒரு போட்டோன் அடித்தது, இரண்டு இலத்திரன்கள் போயின.

இரண்டாவது இலத்திரன் ஓடும் இந்த நிகழ்ச்சியை நூல்கள் நீண்டகாலமாக பியர் ஓஜேயின் பெயரால் ஓஜே விளைவு என்றே அழைத்துவந்தன. அவர் அதை 1923இல் அறிவித்தார். ஆனால் அதற்கு முந்திய ஆண்டே, 1922இல், லீசே மைட்னர் என்ற பெண் அதை எழுதி வெளியிட்டிருந்தார். இப்போது பலர் ஓஜே–மைட்னர் விளைவு என்று இரு பெயரும் சேர்த்தே எழுதுகிறார்கள். இதைப் படித்தபோது எனக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி.

லேசர்த் துடிப்பு அதோடு விடுவதில்லை. வெற்றிடம் நிரம்பியதும் இன்னொரு போட்டோன் வந்து அடிக்கிறது. மீண்டும் நிரம்புகிறது, மீண்டும் அடிக்கிறது. ஈற்றில் நியோனின் பத்து இலத்திரன்களும் ஒரே துடிப்புக்குள் போய் வெறும் கரு மட்டும் எஞ்சியது. இன்னொரு வியப்பும் தெரியவந்தது. துடிப்பு மிகக் குறுகியதாக இருந்தால், வெற்றிடம் நிரம்பும் முன்னரே உள் ஓட்டின் இரு இலத்திரன்களும் போய்விடலாம். அடித்து வெளியேற்ற உள்ளே ஆளில்லாத அந்த வெற்று அணு, எக்ஸ் கதிரைப் பெரும்பாலும் உறிஞ்சாமல் தன்னூடாகச் செல்ல விடுகிறது. சேதமே சிறிது நேரத்துக்கு அதைக் காக்கிறது.

தனி அணுவும் குடும்பமும்

தனி அணுவைப் பற்றி அறிந்த பின்னர் எழும் கேள்வி மூலக்கூறைப் பற்றியது. மூலக்கூறு என்பது அணுக்களின் கூட்டுத்தொகைதானா? தனித்தனி அணுக்கள் எவ்வளவு இழக்குமோ அதைக் கூட்டினால் மூலக்கூறின் இழப்பு வந்துவிடுமா?

இதைச் சோதித்தவர்கள் எடுத்துக்கொண்டது நமது சேதன இரசாயனப் பாடத்தில் வரும் மெதைல் அயடைட்டு. ஒரு காபன், மூன்று ஐதரசன், ஓர் அயடீன். இலத்திரன்களை எண்ணினால் 6, 3, 53, மொத்தம் 62. எலும்பில் கல்சியம் எப்படியோ, இந்த மூலக்கூறில் அயடீன் அப்படி. அணுவெண் 53 உள்ள அதுவே கதிரை உறிஞ்சும். காபனும் ஐதரசனும் அந்தக் கதிரை ஏறக்குறைய உறிஞ்சுவதேயில்லை.

2017இல் வெளியான இப்பரிசோதனையில் பயன்பட்டவை 8.3 கிலோ இலத்திரன் வோல்ற்று சக்தியுள்ள போட்டோன்கள். அவற்றின் அலைநீளம் ஏறத்தாழ 0.15 நானோமீற்றர். துடிப்பின் நீளம் 30 பெம்தோ செக்கனுக்கும் குறைவு. துடிப்பு பட்டதும் மூலக்கூறு சிதறியது. சிதறிய அயன்களை ஒரு மின்புலத்தால் இழுத்து, அவை உணரியை வந்தடைய எடுத்த நேரத்தை அளந்தார்கள். ஏற்றம் கூடிய அயன் வேகமாக வந்து சேரும். ஆகவே வந்த நேரத்திலிருந்து எத்தனை இலத்திரன் இழந்தது என்று சொல்லிவிடலாம்.

அயடீன் 47 இலத்திரன்கள் வரை இழந்திருந்தது. காபன் 4 இழந்திருந்தது. மூன்று ஐதரசன்களும் தம்மிடமிருந்த ஒவ்வொன்றையும் இழந்திருந்தன. மொத்தம் 54. எஞ்சியவை எட்டே எட்டு.

கதிரை உறிஞ்சாத காபனும் ஐதரசனும் எப்படி இலத்திரன்களை இழந்தன? இங்கேதான் மூலக்கூறு தனி அணுவிலிருந்து வேறுபடுகிறது. அயடீன் இலத்திரன்களை இழந்து பெரும் நேர் ஏற்றம் பெறுகிறது. அந்த ஏற்றம் பக்கத்திலிருக்கும் காபனிலிருந்தும் ஐதரசனிலிருந்தும் இலத்திரன்களைத் தன்பக்கம் இழுக்கிறது. பிணைப்பு வழியே அவை அயடீனுக்குப் பாய்கின்றன. அயடீனின் வெற்றிடங்கள் நிரம்புகின்றன. ஆனால் துடிப்பு இன்னும் முடியவில்லை. நிரம்பிய இடத்தைப் போட்டோன் மறுபடியும் காலியாக்குகிறது. ஓட்டைக் குடத்துக்கு அயல்வீட்டார் தங்கள் குடத்துத் தண்ணீரை ஊற்றுவதுபோல. ஊற்ற ஊற்ற ஒழுகுகிறது. கடைசியில் அயல்வீட்டுக் குடமும் காலி.

ஆகவே மூலக்கூறின் இழப்பு தனித்தனி அணுக்களின் இழப்புகளின் கூட்டுத்தொகையை விட அதிகம். அதே அளவு கதிரை உறிஞ்சக்கூடிய தனி அணுவொன்றை விட, மூலக்கூறு மிகுதியாக அயனாக்கப்படுகிறது. குடும்பத்தில் ஒருவருக்கு விழும் அடி ஒருவரோடு நிற்பதில்லை என்பதை வாப்பும்மா விழுந்த அந்த மாதத்தில் எங்கள் வீட்டிலும் பார்த்தோம். ஆனால் மூலக்கூறில் இதற்கு ஒரு முடிவும் உண்டு. அணுக்கள் ஒன்றைவிட்டு ஒன்று தள்ளிப் போய்விட்டால் இலத்திரன் தாவ முடியாது. கொடுப்பதும் வாங்குவதும் பிணைப்பின் தூரம் அனுமதிக்கும் வரைதான்.

சிதறல்: ஒரு சிறு கணக்கு

அந்தத் தூரம் எவ்வளவு விரைவில் பெருகும்? இதை நாமே ஓரளவு கணிக்கலாம். மெதைல் அயடைட்டில் காபனுக்கும் ஐதரசனுக்கும் இடைத்தூரம் ஏறத்தாழ 0.109 நானோமீற்றர். இரண்டும் ஒவ்வோர் இலத்திரனை இழந்துவிட்டதாகக் கொள்வோம். கூலோமின் விதியில் பிரதியிட்டால் தள்ளுவிசை ஏறத்தாழ 1.9 × 10⁻⁸ நியூற்றன் என்று வருகிறது. பார்க்க மிகச் சிறியது. ஆனால் ஐதரசன் கருவின் திணிவு 1.67 × 10⁻²⁷ கிலோகிராம் மட்டுமே. நியூற்றனின் இரண்டாம் விதிப்படி ஆர்முடுகல் செக்கன் வர்க்கத்துக்கு 10¹⁹ மீற்றரைத் தாண்டுகிறது. இதே ஆர்முடுகல் 5 பெம்தோ செக்கன் நீடித்தால் ஐதரசன் 0.14 நானோமீற்றர் நகர்ந்துவிடும். அது அதன் பிணைப்பின் நீளத்தை விட அதிகம். தூரம் கூடக் கூட விசை குறையும் என்பதால் உண்மையான நகர்வு இதைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும். ஆனால் காபன் ஒன்றுக்குப் பதில் நான்கு இலத்திரன்களை இழந்திருந்தால் விசை நான்கு மடங்காகும்.

அயடீனோ ஐதரசனை விட 127 மடங்கு கனமானது. அது தயங்கித் தயங்கியே நகரும். ஆகவே சிதறலில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. இலத்திரன்கள் முதலில் போகின்றன. பிறகு ஐதரசன்கள், அதன் பின்னர் காபன், கடைசியாக அயடீன். இந்த ஒழுங்கிலேதான் விஞ்ஞானிகளுக்கு ஒரு வழி திறந்தது. அடிக்கும் வீழ்ச்சிக்கும் இடையே சில பெம்தோ செக்கன் இருக்கிறது. அதற்குள் படம் எடுத்து முடித்தால்?

உடையுமுன் பார்த்தல்

2000ஆம் ஆண்டில், இப்படியொரு லேசர் உலகில் இல்லாதபோதே, சுவீடனின் உப்சாலாவில் றிச்சர்ட் நொய்ற்ஸ, யானொஸ் ஹைடு ஆகியோரின் குழு கணினியில் ஒரு புரத மூலக்கூறை வைத்து இதைக் கணித்துக் காட்டியது. துடிப்பு போதிய அளவு குறுகியதானால், புரதம் வெடித்துச் சிதறுமுன்னரே அதில் பட்டுக் கோணலடைந்த கதிர்கள் உணரிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். மூலக்கூறு அழியும். அதன் அழியாத வடிவம் படத்தில் இருக்கும்.

2011இல் ஹென்றி சப்மன் தலைமையிலான குழு ஸ்லாக்கில் இதை மெய்யாகச் செய்தது. தாவரங்களிலும் சில பற்றீரியாக்களிலும் ஒளித்தொகுப்பில் ஈடுபடும் ஒளித்தொகுதி 1 என்ற பெரிய புரதத்தின் மிக நுண்ணிய பளிங்குகளை ஒரு மெல்லிய நீர்த்தாரையில் ஓடவிட்டு, அதன் குறுக்கே துடிப்புகளைச் செலுத்தினார்கள். ஒவ்வொரு பளிங்கும் ஒரே ஒரு படத்தைத் தந்துவிட்டு அழிந்தது. 30 இலட்சத்துக்கும் அதிகமான கோணல் படங்கள் பதிவாயின. அவற்றில் பயன்பட்டவற்றைச் சேர்த்து புரதத்தின் அமைப்பைக் கட்டியெழுப்பினார்கள். 2013இல் ஆபிரிக்கத் தூக்க நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணியின் நொதியமொன்றின் அமைப்பும் இவ்வழியில் வெளியானது. அந்த நொதியத்தைத் தடுக்கும் மருந்தைத் தேடுவோருக்கு அது ஒரு வழிகாட்டி.

உடையுமுன் பார்ப்பதற்கும் உடைந்த பின் பார்ப்பதற்கும் வித்தியாசம் பெரியதா என்று கேட்கலாம். ஓர் உதாரணம் சொல்கிறேன். நாம் சுவாசிக்கும் ஒட்சிசனை நீரிலிருந்து பிரித்தெடுப்பது ஒளித்தொகுதி 2 என்ற புரதம். அதன் மையத்தில் நான்கு மங்கனீசும் ஒரு கல்சியமும் சேர்ந்த ஒரு சிறு கொத்து இருக்கிறது. ஜப்பானின் ஒகயாமா பல்கலைக்கழகத்தில் ஜியான்-றென் ஷென் சார்ந்த குழு 2011இல் சாதாரண எக்ஸ் கதிரால் அதன் அமைப்பைத் துல்லியமாக வெளியிட்டது. ஆனால் புரதத்தில் கதிரை அதிகம் உறிஞ்சுவது அந்த மங்கனீசுதான். எது முக்கியமோ அதிலேயே முதல் அடி விழுகிறது. 2015இல் அதே குழு சக்லா லேசரின் பெம்தோ செக்கன் துடிப்புகளால் அதை மறுபடியும் பார்த்தது. மங்கனீசு அணுக்களுக்கு இடையிலான தூரங்கள் முன்னர் கண்டதை விட 0.01 முதல் 0.02 நானோமீற்றர் வரை குறைந்திருந்தன. முதலில் பார்த்தது கதிர் பட்டுச் சற்று விலகிய கொத்து. பிறகு பார்த்தது விலகாத கொத்து. சூரிய ஒளியால் நீரைப் பிரிக்க அந்தக் கொத்தைப் பின்பற்ற விரும்புவோருக்கு இந்தச் சிறு வித்தியாசம் பெரிய வித்தியாசம்.

மெதைல் அயடைட்டு கற்பித்த பாடம் இங்கேதான் வேண்டப்படுகிறது. உலோக அணுவில் விழும் அடி பக்கத்து அணுக்களுக்கும் பரவும் என்று தெரியாமல் இருந்தால், சேதத்தை நாம் குறைத்துக் கணித்திருப்போம். சிதைந்ததைப் பார்த்துவிட்டு அதுவே வடிவம் என்று நம்பியிருப்போம்.

சேதமே படமாவதும் உண்டு. 2022இல் ஐரோப்பிய லேசரில் றெபேக்கா போல் என்ற விஞ்ஞானியின் குழு, 11 அணுக்கள் கொண்ட அயடோபிரிடீன் என்ற வளைய மூலக்கூறை வேண்டுமென்றே வெடிக்கச் செய்தது. ஒவ்வோர் அயனும் எந்தத் திசையில் எவ்வளவு உந்தத்தோடு பறந்தது என்று அளந்தார்கள். வெடிப்பு போதிய அளவு விரைவானதால், அணுக்கள் தாம் நின்ற இடத்திலிருந்து நேராகவே வெளியே பறந்தன. அந்த உந்தங்களை வரைந்தபோது வளையத்தின் வடிவம் தெரிந்தது. சாதாரண எக்ஸ் கதிர்ப் படங்களில் எளிதில் அகப்படாத ஐதரசன்களும் அதில் தத்தம் இடத்தில் தெரிந்தன.

வாப்பும்மாவுக்கு ஒரு பதில்

இதிலிருந்து நான் விளங்கிக்கொண்டது ஒன்றுதான். தொடாமல் பார்ப்பது என்று ஒன்று இல்லை. எலும்பைக் காட்டும் கதிரும் எலும்பைத் தொட்டுவிட்டே வருகிறது. எவ்வளவு தொட்டது, எதைத் தொட்டது, அது தாங்குமா, எந்த நேரத்துக்குள் பார்த்து முடித்தோம் என்பவற்றைக் கணக்கில் எடுப்பவரே பார்த்ததை நம்பலாம். பெரிய ஆய்வுகூடங்களில் 3 கிலோமீற்றர் நீளக் கருவியோடு செய்வதும் இதுதான். நமது வைத்தியசாலையில் அந்த உத்தியோகத்தர் ஒரு வசனத்தில் செய்ததும் இதுதான். வாப்பும்மாவின் மணிக்கட்டு தாங்கும், படம் எடுக்காவிட்டால் வரும் தீமை அதைவிடப் பெரியது. சாச்சியின் வயிற்றில் வளரும் பிள்ளையின் கலங்களோ வேகமாகப் பிரிந்து கொண்டிருப்பவை. அவற்றுக்குத் தேவையில்லாத ஒரு சிறு அடியும் வேண்டாம். ஆகவே தள்ளி நிற்கச் சொன்னார்.

ஆறு வாரம் கழித்துக் கட்டு அவிழ்க்கப் போனபோது மறுபடியும் படம் எடுத்தார்கள். காத்திருந்த நேரத்தில் வாப்பும்மாவிடம், "அண்டைக்கு ஒண்டும் ஆகாதெண்டு நான் சொன்னது சரியில்ல வாப்பும்மா. கொஞ்சம் ஆகும். ஆனா மிச்சம் கொஞ்சம். உடம்பு அதத் தாங்கும். வயித்துப் பிள்ளைக்கு அதுவும் வேணாமெண்டுதான் சாச்சிய வெளிய நிக்கச் சொன்னாங்க" என்றேன்.

அவர் சிறிது நேரம் யோசித்தார். "அப்ப அண்டைக்கே தெரியாதெண்டு சொல்லியிருக்கலாமே புள்ள" என்றார்.

சொல்லியிருக்கலாம்தான். இதை வாசிக்கும் பெற்றோருக்கும் தங்கைமாருக்கும் நானும் அதையே சொல்ல விரும்புகிறேன். எங்கள் வகுப்பில் கணிதப் பிரிவில் இருப்பவர்கள் ஏழு பேர் மட்டுமே. "பௌதிகம் படிச்சு என்ன செய்யப் போறாய்?" என்ற கேள்வி அந்த ஏழு வீடுகளிலும் கேட்கிறது. வீட்டில் ஒருவர் நியாயமாகக் கேட்கும் கேள்விக்கு ஊகத்தால் அல்லாமல் அறிந்து பதில் சொல்வதற்கு என்பதே இப்போதைக்கு என் விடை. வாப்பும்மாவின் எலும்பு பொருந்திவிட்டது. சாச்சிக்குப் பெண் பிள்ளை பிறந்திருக்கிறது. அவள் வளர்ந்து கேட்கப் போகும் கேள்விகளுக்கு, தெரியாதவற்றைத் தெரியாது என்று சொல்லவும், பிறகு தேடிப் போய் அறிந்து வந்து சொல்லவும் இப்போதே பழகிக்கொண்டிருக்கிறேன்.